அத்தை கல்யாணப் பத்திரிகையும் எங்க வீட்டு ட்ரில்லரும்

பின்னாடி நடந்துக்கிட்டே உழற ரெண்டு சக்கர மெஷினை பவர் டில்லர்னு சொன்னா தமிழ்நாட்டுப் பக்கம் எல்லாருக்கும் புரியும், எங்க ஊர்ல அது ட்ரில்லர். மலையாளத்துக்காரங்க அப்படிச் சொல்லிச் சொல்லி எங்க வாயிலயும் அதுவே ஒட்டிக்கிச்சு. கொழிஞ்சாம்பாறைலருந்து வேலந்தாவளம் போற ரோட்டுல உள்ளுக்குத் தள்ளி இருக்கற ஊருங்க எங்களுது, வீட்டுக்குள்ள கொங்குத் தமிழ், ரேஷன் கடைல மலையாளம், பொருள் வாங்கப் போனா பாதி நாள் பொள்ளாச்சி, பாதி நாள் பாலக்காடு. பழைய இரும்பு எடுக்கற கடைக்கு எல்லைக்கு அந்தாண்ட காயலாங்கடைனு பேரு, இந்தாண்ட ஆக்ரிக்கடை. எங்கப்பாவோட ட்ரில்லருக்கு ஆக்ரிக்கடைக்காரர் வாசல்ல நின்னு கிலோவுக்கு இவ்வளவுன்னு விலையே பேசிட்டாரு. அது எப்படி மறுபடியும் வயல்ல இறங்குச்சுங்கறதைத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

அப்பா அதை 1994ல செகண்ட் ஹேண்டா வாங்கினாரு. அப்பா போனது 2011ல. அதுக்கப்பறம் ஒம்போது வருஷம் புளியமரத்தடிச் சாளைல நின்னுச்சு, சாளையோட ஓலை ஒரு காத்துக்குப் பறந்தது, திரும்ப வேயல, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து தெரிஞ்சவங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்ல. 2020ல நான் கோயம்புத்தூர்ல வேலை இல்லாம வீட்டுக்கு வந்திருந்த சமயம், அம்மா சொன்னாங்க, "கண்ணு, அதை எடுத்துக் குடுத்துரு, அடில பாம்பு அடையுது"ன்னு. ஆக்ரிக்கடைக்காரர் வந்தாரு. சுத்தி வந்து பார்த்தாரு. ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டி ஒரு சுத்து சுத்தப் பார்த்தாரு, ஒரு நூல் கூட அசையல. "இது ஜாம். வெறும் இரும்பு"ன்னு சொல்லிட்டு ஹேண்டிலைக் கழட்டித் தரைல போட்டாரு. எனக்கு அந்த ஹேண்டில் விழுந்த சத்தம் ஒப்பவே இல்ல. நாளைக்குச் சொல்றேங்கன்னு அனுப்பி வெச்சுட்டேன்.

ஏன் ஜாம் ஆச்சுன்னு அன்னிக்கு சாயந்தரமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த மெஷின்ல சைலன்சர் வானத்தைப் பார்த்து நிக்கும். அப்பா வேலை முடிச்சு இன்ஜினை நிறுத்தினா, கை கால் கழுவிட்டு, டீ குடிச்சுட்டு, திரும்ப வந்து அந்தக் கொழாய் வாய் மேல ஒரு தேங்கா செரட்டையைக் கவுத்து வெப்பாரு. தினமும். மழையோ வெயிலோ. சின்ன வயசுல அது ஏதோ திருஷ்டிக்குன்னே நெனச்சிருந்தேன். அப்பா போனதுக்கப்பறம் எப்பவோ ஒரு நாள் காத்துல அந்தச் செரட்டை விழுந்திருக்கு, எடுத்து வெக்க ஆள் இல்ல. எக்ஸாஸ்ட் வால்வு தெறந்த நெலைல இன்ஜின் நின்னிருந்தா மழைத்தண்ணி நேரா சிலிண்டருக்குள்ள போயிரும், பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங்கும் சிலிண்டரோட உள் சுவரா இருக்கற லைனரும் துருப்பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கும். ஒம்போது வருஷத் தண்ணி. வீட்ல நாங்க மூணு பேர் தினமும் அந்தப் பக்கமா நடந்து போயிருக்கோம், ஒருத்தர் கூட நிமிர்ந்து பார்க்கல.

இது என்ன மெஷின்னு சொல்லிடறேன். காம்கோ கே.எம்.பி. 200. கேரளா அக்ரோ மெஷினரி கார்ப்பரேஷன்னு 1973ல கேரள அரசு ஆரம்பிச்ச கம்பெனி, ஆலுவாவுக்குப் பக்கத்துல அத்தாணில. ஜப்பான் குபோட்டா கம்பெனியோட தொழில்நுட்பத்தை வாங்கித்தான் செஞ்சாங்க. இ.ஆர். 90ங்கற ஒத்தை சிலிண்டர் டீசல் இன்ஜின், 12 குதிரைச் சக்தி, தண்ணில குளிர்றது, சிலிண்டர் படுத்த வாக்குல இருக்கும். அந்தப் பக்கம் பெங்களூர்ல 1967லயே வி.எஸ்.டி.காரங்க மிட்சுபிஷியோட சேர்ந்து ஆரம்பிச்சுட்டாங்க, தமிழ்நாட்டுல சக்தினு ஓடறது அது. எங்க பக்கம் ரெண்டும் உண்டு, எது நல்லதுங்கறதுல டீக்கடைல சண்டையும் உண்டு. நான் காம்கோ வீடு.

ரெண்டு சக்கரம் வெச்சுப் பின்னாடி நடந்துக்கிட்டே ஓட்டற இந்த மாதிரித் தோட்டத்து டிராக்டருக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்குங்க. அமெரிக்கால வெஸ்ட் வர்ஜினியாவுல பெஞ்சமின் கிரேவ்லினு ஒருத்தர், தொழில் போட்டோ ஸ்டுடியோ, தன் தோட்டத்தைக் கொத்தறதுக்கு இந்தியன்ங்கற பேர் கொண்ட மோட்டார் சைக்கிளோட பாகத்தை எடுத்துக் கைக்கலப்பைல பொருத்தி 1916ல பேட்டன்ட் வாங்கினாரு. ஆஸ்திரேலியால ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட்னு ஒரு பையன், 1912ல கில்காண்ட்ராங்கற ஊர்ல அப்பாவோட பண்ணைல, இன்ஜின் சக்தில சுத்தற கத்தியால மண்ணைக் கொத்திப் பார்த்தான். கலப்பை மாதிரி அடிமண்ணை அழுத்தாம மேல இருக்கறதைப் பொலபொலன்னு ஆக்குதேன்னு பிடிச்சுக்கிட்டான். எல் மாதிரி வளைஞ்ச கத்திதான் சரின்னு கண்டுபிடிச்சதும் அவன்தான். அதுக்கு வந்த பேருதான் ரோட்டவேட்டர். அதை இங்கிலீஷ்ல எழுதித் திருப்பிப் படிச்சாலும் அதேதான் வரும், நம்ம விகடகவி மாதிரி. எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம், ஏன்னா அதுவும் சுத்திச் சுத்தி வர்றதுதானே. வெளிநாட்டுல இந்தப் பழைய தோட்ட டிராக்டருங்களை எடுத்துப் பாலிஷ் போட்டு, அன்னிக்குக் கம்பெனில அடிச்ச பெயிண்டோட நிறத்தையே தேடிப் பிடிச்சு அடிச்சு, திருவிழா மாதிரிக் கூடி வரிசையா நிறுத்திப் பார்ப்பாங்க. அது ஒரு அழகு. நம்ம ஊர்ல அப்படி நிறுத்த எடமும் இல்ல நேரமும் இல்ல, ஓடினா வயலுக்குப் போகணும். எனக்கு அதுல குறை ஒண்ணும் தெரியல.

சரி, கழட்ட ஆரம்பிச்ச கதைக்கு வர்றேன்.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. அப்பா கூட நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்த பழக்கம் மட்டும்தான். எங்க பக்கத்துல ட்ரில்லர் சேட்டன்னு ஒருத்தர் உண்டு, எழுபது வயசுக்கு மேல, பாலக்காட்டுச் சித்தூர்ல ஒர்க்ஷாப் வெச்சிருந்து விட்டுட்டவரு. பாதி தமிழ் பாதி மலையாளம் பேசுவாரு. அவர்கிட்டப் போய் நின்னேன். சேட்டன் முதல்ல சொன்னது இதுதான்: "மோனே, எதைக் கழட்டினாலும் சரி, கழட்டினதைக் கழுவறதுக்கு முன்னாடி பாரு. யாரு, எதுக்கு, இப்படிச் செஞ்சாங்கன்னு பாரு. கழுவிட்டா அது போயிரும்." அன்னிக்கு அது எனக்கு சரியாப் புரியல. இப்ப இந்தப் பொழுதுபோக்குல எனக்குத் தெரிஞ்சது மொத்தமும் அந்த வார்த்தைக்குள்ளயே இருக்குன்னு சொல்வேன். பழைய மெஷின்ல நாம சந்திக்கறது கம்பெனி செஞ்ச வேலையை இல்லீங்க. அதுக்கு மேல ஒருத்தர் செஞ்ச ரிப்பேர், அதுக்கு மேல இன்னொருத்தர் செஞ்ச ரிப்பேர், அப்படி அடுக்கடுக்கா இருக்கும். ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு அவசரத்துல, கையில கெடச்சதை வெச்சு, அன்னிக்குப் பொழுதைத் தாண்டணும்னு செஞ்சது.

உதாரணத்துக்கு, கியர் பாக்ஸ் பக்கத்துல ஒரு போல்ட். பத்து எம்.எம். போல்ட்தான், ஆனா வெளில வரவே மாட்டேன்னுச்சு. எப்படியோ எடுத்துப் பார்த்தா மரையெல்லாம் நசுங்கி இருக்கு. லேத் பட்டறை வெச்சிருக்கற லேத் மாமா மரை அளக்கற சீப்பை வெச்சுப் பார்த்துட்டு சொன்னாரு, ஜப்பான்காரன் பத்து எம்.எம். போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.25 வெக்கறது வழக்கம், நம்ம ஹார்டுவேர் கடைல சாதாரணமாக் கேட்டா குடுக்கறது 1.5, பார்க்க ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டு மூணு சுத்து வரைக்கும் ஏறவும் ஏறும், அதுக்கு மேல ஸ்பேனரைப் போட்டு முறுக்கினா போல்ட் ஜெயிக்கும், பாடி தோத்துப் போயிரும். யாரோ ஒருத்தர் முறுக்கியிருக்காங்க. கோவம்தான் வந்துச்சு முதல்ல. அப்பறம் யோசிச்சா, அந்த போல்ட் வயல் நடுவுல தெறிச்சு விழுந்திருக்கும், கொழிஞ்சாம்பாறைக் கடைல அதுதான் இருந்திருக்கும், அன்னிக்கு உழுதாகணும். மாமா அந்த ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக் கடைஞ்சு உள்ளுக்கு ஒரு புஷ் போட்டுப் புது மரை எடுத்துக் குடுத்தாரு. இப்ப நான் எந்த போல்ட் வாங்கினாலும் பழசைக் கையோட கொண்டு போய் அதோட நட்டை இதுல ஏத்திப் பார்த்துட்டுத்தான் வாங்கறது, நட்டு விரலாலயே கடைசி வரைக்கும் ஏறணும், ஏறலைன்னா அது வேற மரை.

டீசல் டியூப்ல சைக்கிள் டியூப் சுத்தி இருந்துச்சு. டேங்க் மூடிக்கு அடில பனியன் துணி. ஹேண்டில் கம்பிக்கு ஒரு வெல்டிங், அசிங்கமான வெல்டிங், ஆனா இரும்பு மாதிரிப் பிடிச்சிருந்துச்சு. அது அப்பா அடிச்சது, எனக்குத் தெரியும், பெரியப்பா வீட்டு வெல்டிங் மெஷின்ல, கண்ணாடி போடாம அடிச்சு ராத்திரி பூரா கண்ணெரிச்சலோட கெடந்தாரு.

அப்பறம் டேப்பட் கவர். இன்ஜின் தலைல வால்வுங்களை மூடியிருக்கற தகர மூடி. அதைக் கழட்டினப்ப உள்ள, ஆயில் கசியாம இருக்க நடுவுல வெக்கற பேக்கிங் ஒண்ணு இருந்துச்சு, கறுப்பா, ஆயில் ஊறி, ஓரமெல்லாம் பிய்ஞ்சு. கத்தியால சொரண்டிப் போடப் போனேன். சேட்டன் சொன்னது ஞாபகம் வந்து வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தேன். எழுத்து இருந்துச்சு. மஞ்சக் கலரா இருந்திருக்க வேண்டிய அட்டை, அதுல "நிகழும் வெகுதா" வரைக்கும் படிக்க முடியுது, அதுக்கப்பறம் போல்ட் ஓட்டை, ஓட்டைக்கு அந்தாண்ட "ஆவணி". வெகுதானிய வருஷம் ஆவணின்னா 1998. எங்க சின்ன அத்தை கல்யாணம். மிச்சம் விழுந்த பத்திரிகை அட்டைல அப்பா பேக்கிங் வெட்டியிருக்காரு. கல்யாண வேலை நடுவுல எப்பவோ இன்ஜின் ஆயில் கசிஞ்சிருக்கு, அப்ப பந்தலுக்கு மூங்கிலு, காய்கறி, வாடகைப் பாத்திரம் எல்லாம் இந்த ட்ரில்லர் டிரெய்லர்லதான் வந்துச்சுன்னு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன் பண்ணி அத்தைகிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம், "எங்கண்ணன் எதையுமே வீணாக்க மாட்டாரு சாமி"ன்னாங்க.

அந்த அட்டை இருபத்திரண்டு வருஷம் அங்க இருந்திருக்கு. டேப்பட் கவருக்குள்ள அழுத்தம் பெருசா இருக்காது, தெறிக்கற ஆயிலை வெளில விடாம இருந்தாப் போதும், அதனால தாங்கிடுச்சு. இதே அட்டையை சிலிண்டரை மூடற ஹெட்டுக்கு அடில வெச்சிருந்தா ஒரு அடில ஊதித் தள்ளியிருக்கும், அங்க வேற சாமான் வேணும். எங்க அட்டை போதும், எங்க போதாதுன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நான் புதுசுக்குப் பேக்கிங் ஷீட் வாங்கி, கவர் மேலயே வெச்சு, குமிழ்ச் சுத்தியலால ஓரத்தை லேசாத் தட்டித் தட்டியே வெட்டினேன், அந்த வித்தையும் சேட்டன்தான் காட்டினாரு, கத்திரிக்கோலே வேண்டாம், இரும்போட விளிம்பே வெட்டிக் குடுக்கும். பழைய அட்டையைக் காய வெச்சு ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கேன்.

ஜாம் எடுத்தது தனிக் கதை. பொதுவா நிக்கிற சிலிண்டர்னா மேலருந்து டீசலும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து பிஸ்டன் தலைல ஊத்தி ஊற விட்டுரலாம். இது படுத்த சிலிண்டர். ஊத்தினா அடிப்பக்கம் மட்டும்தான் நனையும், மேல்பக்க ரிங் அப்படியே காஞ்சு கெடக்கும். எனக்கு அது மூணு நாள் கழிச்சுத்தான் உறைச்சது. அப்பறம் புளியமரக் கிளைல செயின் பிளாக் போட்டு, இன்ஜினை அடிச்சட்டத்துலருந்து தனியாப் பிரிச்சுத் தூக்கி, ஹெட் பக்கம் மேல பார்க்கற மாதிரி மரக்கட்டை முட்டுக் குடுத்து நிமிர்த்தி வெச்சோம், நாலு ஆள் வேணும் அதுக்கு. பன்னெண்டு நாள் ஊறுச்சு. தெனம் காலைல எழுந்து பல்லு கூட வெளக்காமப் போய் அளவு எறங்கியிருக்கான்னு பார்ப்பேன், எறங்கினா ரிங் வழியா வழி கெடச்சிருச்சுன்னு அர்த்தம். எட்டாவது நாள் அரை விரக்கடை எறங்கியிருந்துச்சு. பன்னெண்டாவது நாள் பிஸ்டன் மேல வேங்கைக் கட்டையை வெச்சு மரச் சுத்தியலால ஒரு தட்டு. இரும்பை வெச்சு அடிக்கக் கூடாது, பிஸ்டன் அலுமினியம். ஃப்ளைவீலைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே இருக்கோம், ஒரு தடவை, ரொம்பக் கொஞ்சமா, நகத்து அகலம், அசைஞ்சது. அந்த இன்ஜினோட உசுரு எனக்குக் கையில தெரிஞ்சது அந்த நகத்து அகலத்துலதான், அப்பறம் ஸ்டார்ட் ஆனப்பக் கூட அவ்வளவு இல்ல.

லைனர் போயிருந்துச்சு, துருக்குழி விரலுக்குத் தெரியுது. லைனர், பிஸ்டன், ரிங் செட்டாப் புதுசு வாங்கினேன். காம்கோ இன்னும் ட்ரில்லர் செஞ்சுக்கிட்டு இருக்கறதால ஸ்பேர் கெடைக்குது, இது எவ்வளவு பெரிய வரம்னு பழைய வண்டி வெச்சிருக்கறவங்களைக் கேட்டா சொல்வாங்க. ஒரு விஷயத்துல மட்டும் காசை மிச்சம் பிடிக்கப் போய் நாசில் ஒண்ணு விலை கம்மியா எங்கயோ வாங்கினேன், டீசலைப் பூவாத் தூவறதுக்குப் பதிலாக் கோடாப் பீச்சுச்சு. திரும்பப் போய் நல்லது வாங்கி, கோயம்புத்தூர்ல பம்ப் நாசில் கடைல டெஸ்ட் பண்ணித்தான் போட்டேன். நாசில் டெஸ்ட் பண்றப்ப விரலை முன்னாடி நீட்டவே கூடாதுங்க. நூறு கிலோவுக்கும் மேல அழுத்தத்துல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிரும், வெளில பொட்டு மாதிரித்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வந்துரும்.

துருவுக்கு நான் பயன்படுத்தினது மொலாசஸ். கரும்பாலைக் கழிவுப்பாகு, மாட்டுத் தீவனத்துல கலக்கறது. ஒரு பங்கு பாகுக்கு ஒம்போது பங்கு தண்ணி, பழைய டிரம்ல கலக்கி, துருப்பிடிச்ச இரும்பை முங்கப் போட்டு ரெண்டு வாரம் விட்டா, நல்ல இரும்பைத் தொடாம துருவை மட்டும் தின்னு வெச்சிருக்கும். நாத்தம் தாங்காது, அம்மா வேலிக்கு அந்தாண்ட வெக்கச் சொல்லிட்டாங்க. அலுமினியத்தை மட்டும் தப்பித்தவறி அதுல போட்டுராதீங்க, அதை அரிச்சுரும்.

ஸ்டார்ட் பண்ணின நாள் ஒரு ஞாயித்துக்கிழமை. டீசல் இன்ஜின்ல பொறி கெடையாது, பிளக் கெடையாது, காத்தை இருபதுல ஒரு பங்கு அளவுக்கு நசுக்கற சூட்டுலயே டீசல் பத்திக்கணும், அதனால ரெண்டே ரெண்டு விஷயம்தான், காத்து வெளில போகக் கூடாது, டீசல் லைனுக்குள்ள காத்து வரக் கூடாது. இந்த ரெண்டாவதுதான் புதுசாப் பார்க்கறவங்களைப் படுத்தி எடுக்கும். ஃபில்டர்கிட்ட இருக்கற ஸ்க்ரூவைத் தளர்த்தினா முதல்ல நுரை வரும், அப்பறம் முட்டை முட்டையா, அப்பறம் கண்ணாடி மாதிரி சுத்த டீசல், அப்ப முறுக்கணும். பம்ப்ல அதே மாதிரி. கடைசில நாசிலுக்குப் போற கொழாயோட நட்டைத் தளர்த்தி வெச்சு ஹேண்டிலைச் சுத்தணும், டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கணும். அதுக்கப்பறம் ஒரு சுத்துல நாசில்லருந்து "கிர்ர்"னு ஒரு சத்தம் வரும், அது கேட்டா டீசல் போய்ச் சேர்ந்துருச்சு.

ஹேண்டிலைப் பிடிக்கறப்பக் கட்டை விரலை மத்த நாலு விரலோட ஒரே பக்கமா வெக்கணும், சுத்திப் பிடிக்கக் கூடாது, இன்ஜின் திருப்பி ஒதைச்சா கட்டை விரல் போயிரும். இது அப்பா எனக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்தது. இடது கையால டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடிச்சேன், அது ஒரு வால்வைத் தெறந்து வெச்சுரும், சுத்தறது லேசா இருக்கும், வேகம் ஏறட்டும்னு சுத்தி சுத்தி, மூச்சு வாங்கறப்ப லிவரை விட்டேன். ஒண்ணும் இல்ல. ரெண்டாவது தடவை ஒரு வெள்ளைப் புகை. மூணாவதுக்கு முன்னாடி அடுப்படிலருந்து அம்மா வந்தாங்க, கையெல்லாம் மாவு. என்னைப் பார்க்கல, சைலன்சரைப் பார்த்தாங்க. "செரட்டையை எடுத்தியா?"ன்னாங்க. புதுசா ஒண்ணு நான்தான் ஒரு வாரம் முன்னாடி கவுத்து வெச்சிருந்தேன், எடுக்காமயே ரெண்டு தடவை சுத்தியிருக்கேன். எடுத்துக் கீழ வெச்சுட்டு மறுபடி சுத்தினேன், "டப்"னு ஒண்ணு, கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு, அப்பறம் அதுவாப் பிடிச்சுக்கிச்சு, டப் டப் டப் டப்னு. பக்கத்துத் தோட்டத்துல தேங்கா உரிச்சுக்கிட்டு இருந்தவரு வேலையை விட்டுட்டு வரப்பு மேல வந்து நின்னாரு. அந்தச் சத்தம் யாரோடதுன்னு அவருக்குத் தெரியும்.

ஓட்டறதைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா பழைய ட்ரில்லரை எடுத்துச் சரி பண்றவங்க பல பேர் அதை ஓட்டிப் பழகினவங்களா இருக்க மாட்டாங்க. ரெண்டு கைப்பிடிக்கு அடிலயும் ஒவ்வொரு சைடு கிளட்ச் இருக்கும். சமதரைல இடது கிளட்ச்சைப் பிடிச்சா இடது சக்கரத்துக்கு இழுவை நின்னுரும், வலது சக்கரம் தள்ளும், மெஷின் இடது பக்கம் திரும்பும். எறக்கத்துல இது தலைகீழ். அங்க இன்ஜின் ரெண்டு சக்கரத்தையும் தள்ளல, பிடிச்சு நிறுத்திக்கிட்டு வருது. இடதைப் பிடிச்சா அந்தச் சக்கரம் பிடி விட்டு வேகமா உருளும், மெஷின் வலது பக்கம் பாயும். பதினாலு வயசுல கால்வாய் மேட்டுலருந்து எறங்கறப்ப நான் இடது பக்கம் திருப்பப் போய் மெஷின் வலது பக்கம் வாய்க்காலைப் பார்த்துப் போச்சு. "பிடிக்காத, விடு, ரெண்டையும் விடு"ன்னு அப்பா பின்னாடி ஓடி வந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. எறக்கத்துல கிளட்ச்சைத் தொடாம, கியரைக் கம்மி பண்ணி, கைப்பிடியை உடம்பால தள்ளித்தான் திருப்பணும். அதே மாதிரி ரிவர்ஸ் போடறப்ப, பின்னாடி மண்ணைக் கொத்தற கத்தி சுத்தற ரோட்டரியை நியூட்ரல்ல போடாம போடவே கூடாது, பின்னாடி நிக்கிறது நம்ம காலு.

எங்க மண்ணு கரிசல். கேரளான்னா செம்மண்ணுன்னு நெனப்பாங்க, சித்தூர் தாலுகாவோட கெழக்கோரம் வந்து பார்த்தா நெலக்கடலை போட்ட கறுப்பு மண்ணு தெரியும். காஞ்சா கல்லு, நனைஞ்சா பசை, நடுவுல ரெண்டு மூணு நாள்தான் பதம், அதுல ஓட்டினாத்தான் கத்திக்கும் நல்லது மண்ணுக்கும் நல்லது. ரோட்டரி அகலம் 60 செ.மீ.னு வெச்சுக்கிட்டா ஒரு ஏக்கர், அதாவது 4047 சதுர மீட்டர், ஒரு தடவை ஓட்டி முடிக்க 6.7 கிலோமீட்டர் நடக்கணும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தது இது. எங்களுக்கு ரெண்டரை ஏக்கர், அப்பா ஒவ்வொரு போகத்துக்கும் ரெண்டு மூணு தடவை ஓட்டுவாரு. கணக்கு முடிச்சப்பறம் அவரோட கால் நரம்பு சுருண்டு கெடந்ததை நெனச்சுக்கிட்டேன்.

பெயிண்ட் அடிக்கச் சொல்றாங்க எல்லாரும். துரு ஏறாம இருக்கறதுக்கு வேண்டிய எடத்துல மட்டும் ரெட் ஆக்சைடு அடிச்சேன், மத்தது அப்படியே இருக்கு. மரை மாறின போல்ட், காத்து இழுக்கற டியூப், டேங்க் மூடி, ஆபத்தானது எல்லாத்தையும் மாத்தியாச்சு. ஹேண்டில் வெல்டிங்கை மட்டும் தொடல. லேத் மாமா நல்லா அடிச்சுத் தர்றேன்னாரு, வேண்டாங்க மாமா, பிடிச்சுத்தானே இருக்குன்னுட்டேன். ஓட்டறப்ப என் வலது கை சரியா அந்த மேடு மேல வந்து உக்காருது.

போன போகத்துல நெல்லுக்குச் சேறு அடிக்கற வேலை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவுல வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. எங்க புழைக்கு, அதாவது ஆத்துக்கு, வரணும், மூலத்தரைத் தடுப்பணைலருந்து அது கால்வாய்ல பிரிஞ்சு எங்க கடைமடைக்கு வர்றப்ப முறை வெச்சுத்தான் தண்ணி, எங்க முறை முடிஞ்சா மடையை அடைச்சு அடுத்தவங்களுக்கு விட்டுரணும், ஒரு நிமிஷம் கூடக் கேக்க முடியாது. ரப்பர் டயரைக் கழட்டிட்டு இரும்புக் கேஜ் வீல் போட்டு வயல்ல இறக்கியாச்சு. பாதி வயல் தாண்டினப்ப இன்ஜின் மூச்சு திணறுச்சு, எறங்குச்சு, நின்னுருச்சு. முழங்கால் சேத்துல நின்னு பார்த்தா, நான் புதுசு மாத்தின டீசல் டியூப் சட்டத்துல ஒரசி ஒரசிக் கீறல் விட்டிருக்கு, காத்து இழுக்குது. கடைக்குப் போய் வர நேரம் இல்ல. வரப்புல பக்கத்து வீட்டுப் பையனோட சைக்கிள் கெடந்துச்சு, அவன் கேரியர்ல பஞ்சர் ஆன பழைய டியூப் ஒண்ணு சுத்தி வெச்சிருந்தான். கேட்டு வாங்கிக் கதிர் அருவாளால நீளவாக்குல கிழிச்சு, இழுத்துப் பிடிச்சு, ஒரு சுத்து மேல அடுத்த சுத்து பாதி ஏற்ற மாதிரி சுத்தி, கடைசி முனையைக் கடைசிச் சுத்துக்கு அடில விட்டு இழுத்தேன். டீசல்ல ரப்பர் ஊறிப் போயிரும், ஒரு மாசம் தாங்கினாப் பெருசு, தெரியும். ஸ்க்ரூவைத் தளர்த்திக் காத்தெடுத்து, முறுக்கி, சுத்தினேன், பிடிச்சுக்கிச்சு. ஓடற இன்ஜினுக்குப் பக்கத்துல குனிஞ்சு அந்தக் கட்டைப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சது. நான் ரெண்டு வருஷம் முன்னாடி கழட்டினது இதேதான். அதே எடம், அதே மாதிரிச் சுத்து, முனையை உள்ள விட்ட விதமும் அதேதான். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரல, பக்கத்துல ஸ்பேனரோட நின்னதுதான்.

முறை முடிய ஒரு மணி நேரம் இருக்கையில சேறு அடிச்சு முடிச்சேன். மடையை அடைச்சுட்டு, மெஷினை மேட்டுல ஏத்தி நிறுத்தி, சைலன்சர் சூடு ஆறற வரைக்கும் வரப்புல உக்காந்திருந்துட்டு, செரட்டையைக் கவுத்து வெச்சுட்டு வீட்டுக்குப் போனேன்.